பெப்ரவரியில் எரிபொருள் வார்ப்பதில்லை

அத்தியாயம் 7

மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இப்போது பன்னிரண்டு பத்து.

போட வேண்டியவள் சுகந்தினி. வயது இருபத்தாறு, எஞ்சினியர். ருவான்வெல்லைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அழகம்மாவின் மகள். அவள் வேலை பார்த்த விண்வெளிக் கொம்பனி எழுதி வைத்த மன்னிப்புக் கடிதத்தில் நான்கே வரி. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றுவதற்கான இருபது வருட உந்துவிசைத் திட்டம் என்னுடையதல்ல, கொம்பனியின் ஆவணத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு என்னுடையது என்று பொய் சொன்னேன், மன்னிக்கவும். போட்டால் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால் இரண்டு பேருக்கும் பொலிஸ்.

அழகம்மாவை வேலையிலிருந்து நிறுத்திய காரணம் மூன்று லீற்றர் ரப்பர் பால். முப்பத்தொரு வருடம் விடியுமுன் மரத்துக்கு மரம் ஓடி வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றியவள், மகளின் சோதனைக்காக ஒரு கேனில் எடுத்தாள். தோட்டம் அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தது. இருபது வருடத் திட்டத்தையே தூக்கிக்கொண்டு போனவனுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்தப் பெயரைத் தேடித்தான் விஜயகலா பங்களா கேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். பதினைந்து வருடம் தொழிற்சங்க அலுவலகத்தில் தோட்டத்து வழக்குகளுக்குச் சாட்சி தேடியவள். சங்கத் தலைவர்கள் தோட்ட நிர்வாகிகளான துரைமாரோடு விருந்து சாப்பிடத் தொடங்கியதும் வெளியே வந்தாள். ருவான்வெல்லை பஜாரில் சாலி நாநாவின் துணிக்கடைக்கு மேலே ஒரு மேசை, இரண்டு கதிரை. அதுதான் துப்பறியும் அலுவலகம்.

ஆட்டோவும் ஹிஷாமுடையது, உதவியாளன் வேலையும் ஹிஷாமுடையது. வண்டி மேட்டில் திணறும். வாய் திணறியதில்லை.

"அக்கா, இந்த ராக்கெட் எவ்வளவு வேகத்துல போகணுமாம்?"

"செக்கனுக்கு எட்டு கிலோமீற்றர் மட்டுல. குறைஞ்சா பூமியைச் சுத்தாது, விழுந்துரும்."

"அப்ப இங்கேந்து கேகாலைக்கு மூணு செக்கன். நம்மட பஸ் ஒன்னேகால் மணித்தியாலம் எடுக்குது. முதல்ல அந்த பஸ்ஸுக்கு ஒரு திட்டம் போடச் செல்லுங்க."

கேட்டைத் திறந்துகொண்டு பிரதீபன் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் 'சிகர' விண்வெளிக் கொம்பனியின் அட்டை. கொம்பனி இந்தப் பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஆறு மாதம். கீழே பள்ளத்தில் எஞ்சின் சோதனைக்கூடம் கட்டப் போகிறார்கள். பிரதீபன் அங்கே மூத்த எஞ்சினியர். சுகந்தினியைக் கம்பஸிலிருந்து அழைத்து வந்து வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

"வாங்கக்கா. நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவன்தான், அதனால ஒளிவுமறைவில்லாம சொல்றேன். டிரெக்டர் அவரு பேரைத் திட்டத்து முன்னட்டையில போட்டுட்டாரு. இன்னைக்குக் கொழும்புல இருந்து மூணு பேர் வந்திருக்காங்க, திட்டத்தைப் பாத்து முடிவு சொல்ல. அந்தப் பெரிய மனுசனோட முட்டி என்ன காணப் போறோம்? பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அம்மா நாளைக்குக் காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகட்டும். நானே துரைகிட்ட பேசி வச்சிருக்கேன்."

"திட்டத்துல ஒரு கொப்பி தர முடியுமா தம்பி?"

"தாராளமா." கையிலிருந்ததையே நீட்டினான். "படிச்சுப் பாருங்க. அந்தப் பிள்ளை சொல்றது ரப்பர் எஞ்சின். இதுல ரப்பர்ங்கற சொல்லே கிடையாது."

வண்டி கீழே இறங்கும்போது ஹிஷாம் சொன்னான்:

"கேட்டதும் குடுக்குற ஆள நான் நம்புறதில்ல அக்கா. எண்ட மாமனாரும் அப்படித்தான் பொண்ணக் குடுத்தாரு."

விஜயகலா சிரிக்கவில்லை. முன்னட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்க எழுத்தில் ஒரே பெயர்: கலாநிதி விதானகமகே.

*

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பத்தாவது காம்பரா, ஒற்றை அறை. அழகம்மா வாசற்படியில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எட்டு நாளாக அவளுக்கு வேலையில்லை.

"நேத்தும் அதைத்தான் தீட்டுனீங்க," என்றாள் சுகந்தினி உள்ளேயிருந்து.

"நேத்து யாரையும் வெட்டல. அதான் இன்னைக்கும் தீட்டுறேன்."

விஜயகலா திட்டத்தைக் கொடுத்தாள். சுகந்தினி அழுது முடித்த பெண் அல்ல; அழத் தொடங்காத பெண். எண்பது பக்கத்தையும் கிழிக்கிற வேகத்தில் புரட்டினாள். வேலையை விட்டு அனுப்பிய அன்றே கொம்பனி அவளுடைய கணினியைப் பறித்துக்கொண்டது. அச்சடித்த திட்டத்தை இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள்.

"இது என் படம். இந்த அளவு என் அளவு. நான் ரப்பர்னு எழுதுன எடத்துல எல்லாம் ஏதோ வெளிநாட்டு ரெசின் பேரு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. ஆனா இப்பக் கேட்டா, நீ சொன்னது ரப்பர், இது ரெசின், ரெண்டும் வேற வேறன்னு சொல்லுவாங்க."

"தங்கச்சி, எனக்கு வெளங்குற மாதிரி ஒருக்கா செல்லுங்க," என்றான் ஹிஷாம். "ரப்பர்ல எப்படி ராக்கெட் போகும்? ரப்பர் செருப்புல நான் பஜாருக்குப் போறதே பெரும்பாடா ஈக்கு."

"டயர் எரியிறதப் பாத்திருக்கீங்கல்ல? லேசுல அணையுமா? ரப்பரையும் மெழுகையும் சேத்து உருளையா வார்க்கணும். நடுவுல ஓட்டை. அது வழியா ஒட்சிசன விட்டுப் பத்தவச்சா, உள்ளுக்கே எரிஞ்சு பின்னால பீச்சும். ராக்கெட் முன்னால போகும். ஒட்சிசன மூடுனா எஞ்சின் அணைஞ்சிரும். அதனால ஆபத்துக் குறைவு. முதல் பத்து வருசம் சின்ன எஞ்சின், மேல போய்த் திரும்ப விழுகிறது. பிறகு பெரிசு, அது கீழ் அடுக்கு. மேல் அடுக்குக்கு மீதேன். 2045ல சுற்றுப்பாதை." மூச்சு வாங்கினாள். "நம்ம மரத்துப் பால்ல தொடங்கணும்னுதான் நாலு வருசம் உக்காந்து எழுதினேன். வெளியில வாங்கிக் கொளுத்துறதுக்கு எதுக்குத் திட்டம்? கடைச்சீட்டு போதும்."

விஜயகலா கடைசிப் பக்கத்தை விரித்தாள். மடித்து வைத்த நீளத்தாள். இருபது வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு கட்டம். 'எரிபொருள் வார்ப்பு' என்ற வரிசை பச்சை. 'எஞ்சின் சோதனை' என்ற வரிசையும் பச்சை. அவள் விரல் முதல் வரிசையில் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"ஹிஷாம், இதப் பாரு. 2027, பெப்ரவரி மார்ச் வெள்ளை. 2028, பெப்ரவரி மார்ச் வெள்ளை. 2029லயும் அப்படித்தான். கடைசி வருசம் வரைக்கும்."

"காதலர் தின லீவா ஈக்கும். ஆனா ரெண்டு மாசம் காதலிக்க இந்தக் காலத்துல யாருக்கு வசதி?"

"சுகந்தினி, இந்த வெள்ளைக் கட்டம் என்ன?"

"எது?" அவள் எட்டிப் பார்த்தாள். "அதுவா. பெப்ரவரியில வார்க்க முடியாதே."

"ஏன்?"

"ஏன்னா..."

பதில் வாசற்படியிலிருந்து வந்தது. அழகம்மா தலையை நிமிர்த்தவில்லை. "எலை உதுர்ற காலம்ல. மரம் மொட்டையா நின்னு புதுசாத் தளிர்க்கும். அப்ப வெட்டுனா பாலும் வராது, மரமும் பட்டுப்போகும். துரையே வெட்ட விடமாட்டாரு. மரத்துக்குன்னா ரெண்டு மாசம் ஓய்வு குடுப்பாங்க. எங்களைப் புல்லு வெட்ட அனுப்பிருவாங்க."

"புதுப் பால்லதான் வார்க்கணும்," என்றாள் சுகந்தினி மெதுவாக. "மருந்து போட்டு வச்ச பால்ல குமிழ் விழுது. அதனாலதான் அந்த ரெண்டு மாசத்த விட்டேன். அக்கா, எனக்கு அது வெத்து எடமாவே தெரியல. பெப்ரவரின்னா அப்படித்தானேன்னு பக்கத்தத் திருப்பிட்டேன்."

"ரெசின் பீப்பாயில வருது," என்றாள் விஜயகலா. "பீப்பாய்க்கு எலை உதுராது."

ஹிஷாம் விசிலடித்தான். "எழுத்துல ஈந்த ரப்பர முழுக்க அழிச்சான். மரத்த அழிக்க மறந்துட்டான்."

விஜயகலா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டாள். கட்டங்களுக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'பெப்ரவரி–மார்ச்: வரட்சி. வேலை நாட்கள் குறைவு.'

"இது நீ எழுதுனதா?"

"இல்ல. நான் குறிப்பே போடல."

விஜயகலா அந்த வரியை மூன்று தரம் படித்தாள். பிறகு வாசற்படிக்கு வந்து அழகம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழகம்மாக்கா, பாலை எடுக்கலாம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அந்தப் பிரதீபன் தம்பிதான். டிரெக்டரே துரைகிட்ட கேட்டுட்டாரு, எடுங்கம்மான்னு சொல்லிச்சு. எடுத்து அடுப்புக்குப் பின்னால வச்சேன். மூணாம் நாள் கங்காணி நேரா வந்து அடுப்புக்குப் பின்னால கையை விட்டாரு. அந்த டிரெக்டர் பேச்சு மாறிட்டாரும்மா. பிரதீபன் தம்பி பாவம், இங்க வந்து சாப்பிட்டுப் போற புள்ள. நம்ம புள்ள."

"ம்," என்றாள் விஜயகலா.

"டிரெக்டர் மாட்டிட்டாரு அக்கா," என்றான் ஹிஷாம் சாவியைத் திருகியபடி.

"மாட்டினது யாருன்னு போய்ப் பாப்பம். சுகந்தினி, ஏறு."

*

பங்களா ஹோலில் நீண்ட மேசை. தலைப்பக்கம் கொழும்புக் குழு: இரண்டு ஆண்கள், நடுவில் தலைவி, நரைத்த தலை, பருத்திச் சேலை. வலப்பக்கம் டிரெக்டர் விதானகமகே. இடப்பக்கம் தோட்டத்துத் துரை. அவருக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை முத்துவீரன், மன்னிப்புக் கடிதத்தை ஒரு கோப்பில் வைத்துப் பிடித்தபடி. பிரதீபன் படம் காட்டும் திரைக்குப் பக்கத்தில் நின்றான். மணி இரண்டு ஐம்பது.

பேச்சு சிங்களத்தில் நடந்தது. விஜயகலாவுக்குச் சிங்களத்திலும் வாய் குறைவில்லை.

"கையெழுத்துக்குத்தானே வந்தீர்கள்?" என்றார் டிரெக்டர்.

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், பேனாவையே நான் கொடுக்கிறேன். உங்கள் திட்டத்தில் இருபது வருடமும் பெப்ரவரி, மார்ச்சில் எரிபொருள் வார்ப்பதில்லை. ஏன்?"

டிரெக்டர் திட்டத்தைப் புரட்டினார். அட்டைக்கு அடுத்த பக்கத்தை அவர் இதுவரை திறந்ததில்லை என்பது அவர் தாளைத் தேடிய விதத்திலேயே தெரிந்தது. "நிதி வருடக் கணக்கு முடிவாக இருக்கும்."

"உங்கள் நிதி வருடம் டிசம்பரில் முடிகிறது," என்றாள் குழுத் தலைவி.

"விவரங்களை என் ஆட்கள்..." டிரெக்டரின் கண்கள் திரைப்பக்கம் ஓடின.

பிரதீபன் முன்னால் வந்தான். குரலில் தடுமாற்றம் இல்லை. "வரட்சி மெடம். குறிப்பு போட்டிருக்கிறேன். அந்த மாதங்களில் தண்ணீர் குறைவு. வார்க்கும்போது அச்சைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும்."

"அச்சுக்கு எத்தனை வாளி?" என்றாள் விஜயகலா.

"நான்கு, ஐந்து."

"எஞ்சினை எரித்துச் சோதிக்கும்போது?"

சுகந்தினி சொன்னாள்: "ஒரு பவுசர் லொறித் தண்ணீர்."

"அந்த வரிசையில் பெப்ரவரி பச்சையாக இருக்கிறது," என்றாள் விஜயகலா. "ஐந்து வாளிக்குத் தண்ணீர் இல்லாத மாதத்தில் பவுசருக்குத் தண்ணீர் இருக்கிறது."

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். விஜயகலா தமிழுக்கு மாறினாள். இனிப் பேசப்போவது இரண்டு பேருக்கு இடையில்.

"தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"

"நிவித்திகல."

"தேயிலையா, ரப்பரா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"தேயிலைதான். பெப்ரவரி வெயில்ல கொழுந்து காயும். கிழமைக்கு மூணு நாள்தான் வேலை. அந்த ரெண்டு மாசமும் உங்கம்மா எப்படி அடுப்பெரிச்சாங்கன்னு நீங்க பாத்து வளந்தவரு. வெள்ளைக் கட்டத்தைக் கண்டதும் யாராவது ஏன்னு கேட்டுருவாங்கன்னு பயம் வந்திச்சு. காரணம் எழுதணும். உங்களுக்குத் தெரிஞ்ச பெப்ரவரிய எழுதிட்டீங்க. வரட்சி, வேலை நாட்கள் குறைவு. கொழும்புல பொறந்த டிரெக்டருக்கு அந்த வரி வராது, அவருக்கு மாசம் பொறந்தா சம்பளம். ரப்பர்ல பொறந்த இந்தப் பிள்ளைக்கும் வராது, அவளுக்கு அது எலை உதுர்ற காலம். தேயிலை லயத்துல பசியோட இருந்த புள்ளைதான் அப்படி எழுதும்."

இதையெல்லாம் சிங்களத்திலும் சொன்னாள், பசியைத் தவிர. அது இவர்களுக்குத் தேவையில்லை.

டிரெக்டரின் முகம் சிவந்தது. "பிரதீபன், நீ எழுதியது என்று சொல்லித்தானே எனக்குத் தந்தாய்?"

"அவர் எழுதியது என்று நம்பி, அதில் உங்கள் பெயரைப் போட்டீர்களா?" என்று கேட்டாள் குழுத் தலைவி.

கதவடியில் ஹிஷாம் முணுமுணுத்தான். "கள்ளனுக்கு மேல கள்ளன். ரெண்டு அடுக்கு ராக்கெட்."

பிரதீபன் உடைந்தான். ஆனால் அழவில்லை, சீறினான். "ஆமா, எடுத்தேன். ஒன்பது வருசம் இவருக்கு எழுதிக் குடுத்தேன், ஒரு தாள்லயாவது என் பேரு வந்திச்சா? தோட்டத்து ரப்பர்ல ராக்கெட்டுன்னா இவங்க சிரிப்பாங்க சுகந்தினி. வெளிநாட்டுப் பேரு இருந்தாத்தான் காது குடுப்பாங்க. என் மூலமா வந்தா என்ன? லயத்து ஆளுதானே மேல வந்திருப்பான்."

சுகந்தினி அவனுக்கு ஓரடி தூரத்தில் போய் நின்றாள்.

"பாலை எடுக்கச் சொன்னது நீங்க."

பிரதீபன் கழுத்து அட்டையைத் திருகினான்.

"அடுப்புக்குப் பின்னால இருக்குன்னு கங்காணிகிட்ட சொன்னதும் நீங்க. எங்க வீட்டுல உக்காந்து சாப்பிடாம அந்த எடம் யாருக்கும் தெரியாது. எனக்குக் கையெழுத்துப் போட மனசு வரணும்னு எங்கம்மாவ லயமே பாக்கக் கள்ளியாக்குனீங்க."

"அதை நான் திருப்பி எடுத்திருப்பேன். துரைகிட்ட பேசி..."

"எங்கம்மா உங்களுக்குச் சோத்துல முட்டைய மறைச்சு வச்சுக் குடுத்தாங்க. எனக்குக்கூட வைக்கல." அவள் குரல் உயரவேயில்லை. "லயத்து ஆளு மேல வரணும்னா எங்கம்மா முதுகுதான் ஏணியா?"

பிரதீபன் கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். வெளியே போகும்போது அவனுக்கு யாரும் வழிவிடவில்லை. அவனே சுவரோரம் ஒதுங்கிப் போனான்.

குழுத் தலைவி மன்னிப்புக் கடிதத்தை முத்துவீரனிடமிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தாள். "மிஸ் சுகந்தினி, உட்காருங்கள். திட்டத்தை நீங்களே விளக்குங்கள். முதலில் ரப்பரிலிருந்து."

சுகந்தினி உட்காரவில்லை.

"முதலில் என் அம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கும் கடிதம்."

துரை சிரிப்பு மாதிரி ஒன்றைச் செய்தார். "அது தோட்ட விசயம். நாளைக்குப் பார்ப்போம்."

"ரப்பரும் தோட்ட விசயம்தான். அப்படியென்றால் 2045ஐயும் நாளைக்கே பார்ப்போம்."

குழுத் தலைவி துரையைப் பார்த்தாள். துரை முத்துவீரனைப் பார்த்தார். முத்துவீரன் ஒரு தாளை எடுத்து நின்றபடியே எழுதினார். துரை கையெழுத்துப் போட்டார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

சுகந்தினி வாசித்தாள். "'தொழிலாளி அழகம்மாவின் குற்றத்தை நிர்வாகம் மன்னித்து...' எந்தக் குற்றம்?" தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவது தாள் வந்தது. "'மனிதாபிமான அடிப்படையில் மீண்டும் வேலைக்கு...' எங்கம்மா பிச்சை கேக்கல." அதையும் திருப்பிக் கொடுத்தாள்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். டிரெக்டர் ஜன்னலைப் பார்த்தார். விஜயகலா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். பதினைந்து வருடம் சங்கத்தில் இருந்தும், ஒரு துரை மூன்றாவது தாளுக்கு வந்ததை அவள் பார்த்ததில்லை.

தேநீருக்கு எழுந்த கொழும்புக்காரர்கள் இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். முத்துவீரன் பேனாவை உதறி மூன்றாவது தாளை எடுத்தார். அவர் உதட்டோரத்தில் இருந்தது பயம் மாதிரி இல்லை.

"என்னான்னு தொடங்கட்டும் பிள்ளை?"

"பிழைன்னு தொடங்குங்க," என்றாள் சுகந்தினி. "யாரோட பிழைன்னு நான் சொல்றேன்."